நடையும் ஒரு மருந்துதான்

"நீ படு பிள்ளை. கையை அசைக்காதை. தண்ணி அள்ள நாங்கள் இருக்கிறம்."

மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அயலவர் சொல்லும் அன்பான வார்த்தைகள் இவை. சில நாட்களுக்கு அந்த அன்பு தேவைதான். ஆனால் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால், நோய் எடுக்காத பலத்தைப் படுக்கை எடுத்துவிடும்.

புற்றுநோய் வந்தவருக்கு ஓய்வே நல்லது என்று முன்னர் வைத்தியர்களும் சொல்லி வந்தார்கள். இன்று அக்கருத்து மாறிவிட்டது. அளவான உடற்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

இரசாயன சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் தரும் களைப்பு நித்திரை கொண்டாலும் தீராது. அசையாமல் இருக்க இருக்கத் தசைகள் மெலியும். தசைகள் மெலிய, சிறு வேலையும் பெரும் பாரமாகும். மெதுவாக நடப்பவர்களுக்கு இந்தக் களைப்புக் குறைகிறது, பதற்றம் தணிகிறது, நித்திரையும் வருகிறது. இழப்புகளாலும் இடப்பெயர்வுகளாலும் ஏற்கனவே களைத்துப்போன எங்களுக்கு இது சிறிய நன்மையல்ல.

கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2025இல் வெளியானது. ஒரு பகுதியினர் 3 ஆண்டுகள் வழிகாட்டலுடன் உடற்பயிற்சி செய்தனர். மற்றவர்களுக்கு அறிவுரைக் கைநூல் மட்டும் வழங்கப்பட்டது. 8 ஆண்டுகளின் பின் பயிற்சி செய்தவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் அது 83 பேர்.

கை வீங்கிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினால் கை வீங்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் பயந்து கையைப் பாவிக்காமல் விட்டால் தோள் இறுகிவிடும். மிகச் சிறிய பாரத்தில் தொடங்கி, மேற்பார்வையுடன் படிப்படியாகக் கூட்டிய பெண்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை என அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் நாளே நிறைகுடத்தைத் தூக்குவது வேறு விடயம். அதைச் செய்யாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

சத்திரசிகிச்சையின் மறுநாளே விரல்களை மடக்கி விரிக்கலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம். வடிகுழாயை அகற்றி வைத்தியர் அனுமதித்த பின், சுவருக்கு முன்னால் நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். தொட்ட இடத்தில் கரித்துண்டால் கோடு போடுங்கள். அடுத்த நாள் அதைத் தாண்டப் பாருங்கள். வீட்டு வேலையே போதாதா என்று கேட்பீர்கள். அடுப்படியில் குனிந்து நிற்பதால் தோள் மேலே எழும்பாது.

நடையை 5 நிமிடத்தில் தொடங்குங்கள். கிழமைக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் என்பது மெதுவாக அடைய வேண்டிய அளவு. கதைத்துக்கொண்டு நடக்க முடிந்தால் வேகம் சரி. போரில் காலை இழந்தவர்கள் கதிரையில் இருந்தபடியே கைகளை உயர்த்தி இறக்கலாம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ பாரம். அனுமதி கிடைத்ததும் அதுவே போதும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் இருந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள். கை திடீரென வீங்கினாலோ சிவந்தாலோ தாமதிக்காதீர்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்களும் குருதி குறைந்தவர்களும் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. அடுத்த கிளினிக்கில், "நான் என்ன பயிற்சி செய்யலாம்?" என்று நீங்களாகவே கேளுங்கள். இயன்மருத்துவரிடம் அனுப்பும்படியும் கேட்கலாம்.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப் பணம் சேர்க்க, 2011 யூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். இன்று பின்னேரம் படலை வரை நடந்து வாருங்கள். நாளைக்கு ஒழுங்கை முடியும் வரை. படுத்திரு என்று சொன்ன அயலவரையும் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.