உஷார்! கறுத்த டெயில் லைட், பின்னால் காத்திருக்கும் ஆபத்து

டெயில் லைட்டுக்கு 'ஸ்மோக்' போட ஆக்சஸரீஸ் கடைக்குக் கிளம்பிவிட்டீர்களா? சாவியைக் கீழே வையுங்கள்!

கறுப்பு ஃபிலிம் பாதி வெளிச்சத்தை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் லைட்டின் ஒளி அப்போதே பாதியாகிவிடுகிறது. உச்சி வெயிலில் நீங்கள் பிரேக் அடித்ததைப் பின்னால் வருபவர் எப்படிக் கவனிப்பார்? 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 22 மீட்டர் பாய்ந்துவிடும்.

ரிஃப்ளெக்டரின் கதி இன்னும் மோசம். பல கார்களில் அது டெயில் லைட்டுக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் ஃபிலிமைத் தாண்டி உள்ளே போய், மறுபடி அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். பாதியில் பாதி போக, மிஞ்சுவது கால் பங்கு! பேட்டரி செத்து, ராத்திரியில் பைபாஸ் ஓரம் நிற்கும் காரை அடையாளம் காட்ட அதை விட்டால் வேறென்ன இருக்கிறது?

சட்டமும் சும்மா விடாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு.

"பிடிக்கலைன்னா எடுத்துடலாம் சார்" என்பார்கள். ஃபிலிம் என்றால் சரி: ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கலாம். பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். அக்ரிலிக் லென்ஸ் நரம்பு நரம்பாக வெடித்துவிடும்.

ஸ்பிரே அடித்திருந்தால் தலைவலிதான். தண்ணீர் விட்டு 800, 1000, 2000 என்று வாட்டர் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்ய வேண்டும். அரைகுறையாக விட்டால் லென்ஸ் நிரந்தரமாக மங்கிவிடும். எல்.ஈ.டி. விளக்கென்றால் பெரும்பாலும் முழு செட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்குபவர்களும் உஷார்! இன்று இரவே காரின் விளக்குகளை அணைத்துவிட்டு, இருபது அடி பின்னால் நின்று, கண் மட்டத்தில் டார்ச் பிடித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் பளிச்சென்று சிவக்கவில்லையா? விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கள்.