பெரிய கோயிலின் நிழல் எங்கே விழுகிறது?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாத தமிழ் மாணவர் ஒருவர் இருந்தால் அதுதான் அதிசயம். சுற்றுலா போன இடத்தில் யாரோ சொல்லியிருப்பார். பேச்சுப் போட்டியில் ஒருவர் மேசையைத் தட்டி முழங்கியிருப்பார். பொது அறிவு வினா-விடைப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு கேள்வி இருந்திருக்கும். இப்போது கைப்பேசியிலும் வலம் வந்துகொண்டிருக்கிறது.

கல்லூரியில் இயற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்க வரும் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். "ஆமாம் சார், விழாது" என்று பல கைகள் உயரும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று பள்ளியில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தாம் இவர்கள். இரண்டும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்காமலே குடியிருக்கின்றன. இன்று இரண்டையும் சந்திக்க வைப்போம்.

முதலில் ஒரு சொல் திருத்தம். பலரும் இதைக் 'கோபுரம்' என்கிறார்கள். கோயில் வாயிலின்மேல் எழுவது கோபுரம். கருவறையின்மேல் எழுவது விமானம். பெரிய கோயிலில் வாயில் கோபுரங்களைவிட விமானம் மிக உயரமானது. அந்த விமானத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

நிழல் என்பது ஒரு பொருள் அன்று

நிழல் என்பது கீழே 'விழும்' பொருளா? இல்லை. ஒளி வராத இடத்துக்குத்தான் நிழல் என்று பெயர். சூரியனிலிருந்து வரும் கதிர்களை ஒரு கல் மறித்தால், கல்லுக்குப் பின்னால் கதிர் போய்ச் சேராத பகுதி ஒன்று இருந்தே தீரும். அந்தப் பகுதியில் தரை குறுக்கிட்டால் தரை இருட்டாகத் தெரியும். சுவர் குறுக்கிட்டால் சுவர் இருட்டாகத் தெரியும்.

ஆகவே, விமானத்தின் நிழல் எப்போதும் எங்கும் விழாது என்றால் இரண்டில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று, விமானம் கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விட வேண்டும். அல்லது ஒளிக்கதிர் கருங்கல்லைச் சுற்றி வளைந்து போய், மறுபுறம் பழைய பாதையில் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கோயிலின் நிழற்படங்களைப் பார்த்தாலே போதும். விமானத்தின் ஒரு முகம் வெயிலிலும் மறுமுகம் நிழலிலும் இருக்கும்.

"எப்போதும் என்று யார் சொன்னார்கள்? நண்பகலில்தான் விழாது" என்று சிலர் பின்வாங்குவார்கள். இங்கேதான் விஷயம் சுவைப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விமானத்தின் உயரத்தை 216 அடி என்று சிலரும், ஏறத்தாழ 60 மீட்டர் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். நாம் 60 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். உச்சிக் கலசம் இந்தச் சதுரத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு பக்கத்தின் விளிம்பு வரை 15 மீட்டர்.

கலசத்தின் நிழல் இந்த 15 மீட்டரைத் தாண்டினால் அடித்தளத்துக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். தாண்டாவிட்டால் விமானத்தின் நிழல் விமானத்தின்மீதே கிடக்கிறது. செங்கோண முக்கோணம் ஒன்று வரையுங்கள். உயரம் 60, அடி 15. 60-ஐ 15-ஆல் வகுத்தால் 4. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 4? அட்டவணையைப் பாருங்கள்: ஏறத்தாழ 76 டிகிரி. சூரியன் அடிவானத்திலிருந்து 76 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும்போது கலசத்தின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே இருந்தால் வெளியே வரும்.

அடுத்த கேள்வி: தஞ்சாவூரில் சூரியன் 76 டிகிரிக்கு மேல் ஏறுகிறதா? தாராளமாக. தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 டிகிரியில் இருக்கிறது. சூரியனோ ஓர் ஆண்டில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 23.4 டிகிரி வரையும் தெற்கே 23.4 டிகிரி வரையும் போய் வருகிறது. எனவே ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும், தஞ்சையில் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். அப்போது நட்டுவைத்த கம்பத்துக்கும் நிழல் கிடையாது. அதை நிழலில்லா நாள் என்கிறோம்.

தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் 14 டிகிரிக்குள் இருக்கும் நாள்களில் எல்லாம் நண்பகலில் கலச நிழல் அடித்தளத்துக்குள் அடங்கும். கணக்குப் போட்டால், ஏறத்தாழ மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் இறுதி வரை இந்த நிலைமை நீடிக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியன் வடக்கே மிகவும் விலகியிருக்கும்போதுகூட நிழல் தெற்கே 13.4 மீட்டர்தான் போகும். 15-ஐத் தொடவில்லை! அடிச்சுவரை ஒட்டி மெல்லிய நிழற்பட்டை ஒன்று அப்போதும் இருக்கும். எந்தச் சுவருக்கும் அது உண்டு. ஆனால் 60 மீட்டர் உயர விமானத்தின் உச்சி நிழலைத் தரையில் தேடினால் கிடைக்காது.

ஆக, ஆண்டில் ஆறு மாதத்துக்கும் மேலாக, நண்பகல் வேளையில் மட்டும் பார்த்தால், கதையில் உண்மை இருக்கிறது! இதை முதலில் கவனித்துச் சொன்னவர் யாரோ, அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். கைமாறிக் கைமாறி வரும்போது 'நண்பகலில்' என்ற சொல் உதிர்ந்துபோயிற்று. 'கலசத்தின்' என்பதும் உதிர்ந்தது. மிஞ்சியதுதான் நம் கைக்கு வந்த அதிசயம்.

இனி மறுபக்கம். டிசம்பர் 22-ஐ ஒட்டித் தஞ்சையில் நண்பகலிலேயே சூரியனின் ஏற்றக்கோணம் ஏறத்தாழ 56 டிகிரிதான். அப்போது கலசத்தின் நிழல் நடுவிலிருந்து வடக்கே 41 மீட்டர் தொலைவில் இருக்கும். அடித்தளத்துக்கு வெளியே 26 மீட்டர்! சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கும் வடபுறத்தில் அதைக் காணலாம். மாலை நேரமோ கேட்கவே வேண்டாம். சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழல் 60 மீட்டர். 30 டிகிரியில் 104 மீட்டர். 10 டிகிரியில் 340 மீட்டர். கோயிலின் உள் திருச்சுற்றே ஏறத்தாழ 240 மீட்டர் நீளந்தான். அதாவது மாலையில் விமானத்தின் உச்சி நிழல் திருச்சுற்றைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

பிறகு ஏன் பார்த்தவர்கள் சொல்லவில்லை?

நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் போகும் இடம் அது. ஆனால் எப்படிப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது; வாயிலும் கிழக்கே. காலையில் போனால் சூரியன் நமக்குப் பின்னால். விமான நிழல் மேற்கே, நம் கண்ணுக்கு எட்டாத பின்புறத்தில் நீண்டு கிடக்கிறது. பிற்பகலில் போனால் நிழல் கிழக்கே வருகிறது. ஆனால் விமானத்துக்குக் கிழக்கே நீண்ட மண்டபங்கள் இருக்கின்றன. நிழலின் பெரும்பகுதி அவற்றின் கூரைமீது படிகிறது; கீழே நிற்பவருக்குக் கூரை தெரியாது. மாலையில் நிழல் முற்றத்துக்கு வரும்போது நாம் அதற்குள்ளேயே நின்றுகொண்டு "வெயில் தணிந்துவிட்டது" என்கிறோம். நண்பகலிலோ கல்தரை காலைச் சுடும் சூட்டில் நிழலை அளக்க யாருக்குப் பொறுமை?

இன்னொரு காரணம் சற்று நுட்பமானது. சூரியன் ஒரு புள்ளி அன்று. வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் எந்த நிழலுக்கும் கருநிழல், புறநிழல் என இரு பகுதிகள் உண்டு. நிழல் விழும் இடம் பொருளிலிருந்து தள்ளிப்போகப்போக விளிம்பு மங்கும். ஒரு பொருளின் அகலத்தைப்போல் ஏறத்தாழ 107 மடங்கு தொலைவுக்கு அப்பால் கருநிழலே இருக்காது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சிலை வெயிலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு 10 சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். நிழல் கருமையாக விழும். மெல்ல உயர்த்துங்கள். 75 சென்டிமீட்டரைத் தாண்டியதும் கருமை போய்விடும். இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்தால் நிழலைத் தேட வேண்டியிருக்கும். (தாளைப் பாருங்கள், எக்காரணம் கொண்டும் சூரியனைப் பார்க்காதீர்கள்.) விமானமும் இப்படித்தான். சூரியன் 30 டிகிரியில் இருக்கும்போது கலசத்திலிருந்து அதன் நிழல் விழும் இடத்துக்கு 120 மீட்டர். அங்கே ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள எதற்கும் கருநிழல் கிடையாது. கலசத்தின் கூர்நுனி காற்றில் கரைந்ததுபோல் மறைந்துவிடும். "நுனி நிழலைத் தேடினேன், காணவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

இத்தகைய கதைகள் நமக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று உலகம் முழுவதும் நெடுங்காலம் நம்பினார்கள். சுவரின் அகலம் ஆறு மீட்டர் அளவு. சந்திரன் இருப்பதோ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். ஒரு தலைமயிரை நான்கரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டுப் பார்ப்பதற்கு அது சமம். 2003-இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும் பாதையிலிருந்துகூடச் சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். சொந்த நாட்டுப் பெருமையைக் குலைக்கிறோமே என்று அவர் தயங்கவில்லை.

நம் பக்கத்திலும் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. பெரிய கோயிலின் சுவர்களில் சோழர் வெட்டிய கல்வெட்டுகள் ஏராளம். எதையும் விட்டுவைக்காத கணக்கர்கள் அவர்கள். விமானத்தின் உச்சியில் வைக்க இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் கலசம் கொடுத்தான். அதன் செம்பு 3083 பலம், மேலே போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதி வைத்தார்கள். கோயிலில் பணிபுரிந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வீட்டு வரிசைப்படி எழுதினார்கள். நிழலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்கள் பெருமையாக நினைத்தது அதை அன்று.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். கோயிலை எழுப்பிய தலைமைச் சிற்பி. 60 மீட்டர் உயரத்துக்குக் கல்மேல் கல்லாக அடுக்கி, அச்சு பிசகாமல் உச்சியைச் சதுரத்தின் நடுவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியவர். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அது நிற்கிறது. நிழல் விழாத கதையைச் சொல்லும் பத்துப் பேரிடம் இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள்; எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கதையின்மேல் உள்ள கோபமே இதுதான். அவர் கையால் செய்த வேலையை வெயில் செய்யும் வித்தையாக ஆக்கிவிட்டது.

தஞ்சைப் பக்கம் இருப்பவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தில், அரையாண்டு விடுமுறையில், ஒருமுறை போய் வாருங்கள். ஒரு மீட்டர் அளவுகோல், நூல்குண்டு, அளவு நாடா மூன்றும் போதும். நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தஞ்சை அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 12 நிமிடத்தை ஒட்டித்தான். அந்த நேரத்தில் சமமான தரையில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி நிழலை அளந்தால் 68 சென்டிமீட்டர் வர வேண்டும். பிறகு வடபுறம் நடந்து, உச்சி நிழல் அடித்தளத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அளவு நாடாவை நீட்டுங்கள். அதனுடன் 15-ஐக் கூட்டி 0.68-ஆல் வகுத்தால் விமானத்தின் உயரம் கிடைத்துவிடும். 60-ஆ, 66-ஆ என்ற வழக்கையும் நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.