தொகுப்பவனின் பெயர்

1994இல் இங்கிலாந்தின் நடன அரங்குகளில் இசைத்தட்டு சுழற்றிய சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரு டீஜேக்கள் 'ரெனய்சன்ஸ்: த மிக்ஸ் கலெக்ஷன்' என்று மூன்று குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். பாட்டுகள் பெரும்பாலும் பிறருடையவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தையல் தெரியாமல் கொண்டுபோன வரிசைதான் இவர்களுடையது. இன்றும் அதைத் தேடிக் கேட்பவர்கள் கேட்பது அந்த வரிசையைத்தான்.

மயிலம் பக்கத்து ஆட்களுக்கு இது அந்நியமில்லை. 80களில் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ரெக்கார்டிங் சென்டரில் சீட்டெழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிட கேசட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், ஏறக்குறையப் பத்துப் பாட்டு. சீட்டு தீர்ந்தும் நாடா மிஞ்சினால் கடைக்காரர் தன் ரசனைக்கு ஒன்றிரண்டு சேர்ப்பார். இன்றைக்கும் பஸ்ஸில் அதிலொரு இளையராஜா பாட்டு முடிந்தால், கேசட்டில் அடுத்ததாக இருந்த பாட்டுக்குக் காது காத்துக்கிடக்கிறது.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று 1967இல் எழுதிய ரொலான் பார்த், அந்த இடத்தை வாசகனுக்குக் கொடுத்தார். இருவருக்கும் நடுவில் தொகுப்பவன் ஒருத்தன் இருக்கிறான். அங்கே அவன் பெயர் அட்டையில் வந்தது, சரக்காகவும் விலைபோனது. இங்கே கடையின் பெயர் மட்டும்தான். நம் சினிமா இசை பற்றிய எழுத்து இசையமைப்பாளர், பாடகர் என்பதோடு நின்றுவிடுகிறது. நமது கேட்கும் பழக்கத்தையே வரிசைப்படுத்திக் கொடுத்தவன் எந்தக் கணக்கிலும் இல்லை.