மார்ச் 31 நள்ளிரவில் தொலையும் பெயர்கள்

மார்ச் 31 இரவு 11.59 வரை ஒரு காப்பீட்டு நிறுவனம். மணி பன்னிரண்டு ஆனதும் இன்னொன்று. ஏப்ரலில் பாலிசி ஆண்டு தொடங்கும் கம்பெனி தன் ஊழியர்களின் குழு மருத்துவக் காப்பீட்டை இடம் மாற்ற முடிவு செய்தால், இப்படித்தான் நடக்கும். கணபதியில் பம்ப் செய்யும் பட்டறையானாலும், சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகமானாலும், பெருந்துறை சிப்காட்டில் இயங்கும் ஆலையானாலும் கணக்கு ஒன்றுதான். ஊழியர், மனைவி, பிள்ளைகள், சேர்த்திருந்தால் அப்பா அம்மா என்று அத்தனை பேரும் அந்த ஒரு நிமிடத்தில் பழைய பட்டியலிலிருந்து இறங்கிப் புதிய பட்டியலில் ஏறியாக வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஏறாதவர் யார் என்பது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில்தான் தெரியவரும்.

கொங்கு வட்டாரத்தின் நடுத்தரத் தொழிற்கூடங்களில் சம்பளக் கணக்கு பேரேட்டிலிருந்து கணினிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வருகைப் பதிவு, ஓவர்டைம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., லீவு எல்லாம் ஒரே எச்.ஆர். மென்பொருளில் இருக்கின்றன. காப்பீடும் இப்போது அதே திரைக்கு வந்துவிட்டது. நாலைந்து நிறுவனங்களின் கொட்டேஷன் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம், ஆள்பட்டியலை மென்பொருளே அனுப்பிவிடும். ஊரடங்கைத் தளர்த்தியபோது, 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை வெளியிட்ட உத்தரவில், வேலை தொடங்கும் இடங்களில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வரி இருந்தது. அதுவரை ‘நமக்கு ஈ.எஸ்.ஐ. போதும்’ என்றிருந்த முதலாளிகளையும் குழு பாலிசி பற்றி விசாரிக்க வைத்த வரி அது.

வாங்கியவர்கள் ஏன் மாற்றுகிறார்கள்? கிளைம் விகிதம்தான் காரணம். ஒரு கம்பெனி 40 லட்சம் ரூபாய் பிரீமியம் கட்டியது, அந்த ஆண்டில் அதன் ஊழியர்கள் 46 லட்சத்துக்குச் சிகிச்சை பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 115 சதவீதம். பழைய நிறுவனம் அடுத்த ஆண்டு பிரீமியத்தை ஏற்றியே தீரும். வேறொரு நிறுவனம், முதல் வருடம் வாடிக்கையாளரைப் பிடித்தால் போதும் என்று குறைத்துக் கேட்கும். போதாக்குறைக்கு வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, குழு பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. 40 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். எண்ணிச் செலவழித்துப் பழகிய ஊரில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நிறுவனத்தை மாற்றாமல் இருப்பதுதான் அதிசயம்.

மாற்றுவதில் தவறில்லை. மாற்றும்போது எது கூடவே வரும், எது வராது என்பதில்தான் சிக்கல்.

பழைய நிறுவனத்திடமே புதுப்பித்தால் உறுப்பினர் பெயர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும். நிறுவனம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ஊழியர் எண், பெயர், உறவுமுறை, பிறந்த தேதி, பாலினம், காப்பீட்டுத் தொகை என்று கட்டம் போட்ட எக்செல் தாள் ஒன்று மென்பொருளிலிருந்து இறங்கி, புரோக்கர் வழியாகப் புதிய நிறுவனத்துக்கும், அங்கிருந்து கிளைம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ.வுக்கும் போகும். அங்கே புதிய எண் போட்டு ஈ-கார்டு தயாராகும். இத்தனை கை மாறும் அந்தத் தாளில் தமிழ்ப் பெயர் படும் பாடு தனிக் கதை.

மென்பொருள் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். நம்மிடம் இருப்பது பெயரும் இன்ஷியலும். பழனிசாமி என்பவர் சம்பளப் பதிவேட்டில் கே. பழனிசாமி. ஆதாரில் பழனிசாமி கே. பான் கார்டு இன்ஷியலை ஏற்காது என்பதால் அதில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பழனிசாமி கந்தசாமி. கடைசிப் பெயர்க் கட்டத்தை விட்டால் மென்பொருள் நகராது என்பதற்காக அங்கே ஒரு புள்ளி வைத்துக் கடந்துபோன எச்.ஆர். ஊழியர்கள் உண்டு, அதே பெயரை இரண்டு முறை அடித்தவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் ‘சாமி’யை ‘டபிள்யூ’ போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். ஒரே ஆளுக்கு நாலு ஆவணம், நாலு பெயர். கொங்கு நாட்டில் பழனிசாமி, கந்தசாமி, சுப்பிரமணியம் எத்தனை பேர் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரே கம்பெனியில் இரண்டு பழனிசாமி இருந்து, இருவருடைய அப்பாவும் கந்தசாமி என்றால், எக்செல் தாளில் ‘இரட்டைப் பதிவு’ என்று ஒருவர் நீக்கப்படவும் வாய்ப்பிருக்கிறது.

பெயருக்குச் சளைத்ததல்ல பிறந்த தேதி. பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் ஆண்டு மட்டும்தான் அச்சாகியிருக்கும். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மா எந்த மாதம் பிறந்தார் என்று மகனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் ‘ஆடி மாசம், மழை வராத வருசம்’ என்பதற்கு மேல் நினைவிருக்காது. மென்பொருளுக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். பிறகு அம்மா ஆதாரைப் புதுப்பித்துச் சரியான தேதி வாங்கியிருந்தாலும் கம்பெனிப் பதிவில் ஜனவரி 1 தான். பழைய நிறுவனத்தின் டி.பி.ஏ. இரண்டு மூன்று கிளைம் பார்த்துப் பழகி, இந்தப் பொருத்தமின்மையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். புதிதாக வந்தவரிடம் அந்தப் பழக்கம் இருக்காது.

இதன் விளைவு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் தெரியும். கேஷ்லெஸ் கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் கறாராகச் சொல்லிவிட்டது. நல்ல விதி. ஆனால் ஈ-கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்தால் முதலில் வருவது அனுமதி அல்ல, கேள்வி. ‘கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எந்த எச்.ஆர். அலுவலகம் திறந்திருக்கும்? முன்பணம் கட்டச் சொல்வார்கள். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

“சார், மாசாமாசம் சம்பளத்துல புடிச்சீங்கல்லங்க, அப்புறம் எப்படிங்க பேரு இல்லாமப் போகும்?” என்று கேட்கும் ஊழியருக்குச் சொல்ல எச்.ஆர். மேலாளரிடம் நல்ல பதில் இருப்பதில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுவது மென்பொருளின் ஒரு பகுதி. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருப்பது வேறு ஒருவருடைய கணினி. இரண்டும் பேசிக்கொள்கின்றன என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள்.

பேசிக்கொண்டாலும் போதாது, பணம் வேண்டும். குழு பாலிசியில் சி.டி. கணக்கு என்று ஒன்று உண்டு. கம்பெனி காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே போட்டு வைக்கும் தொகை அது. ஆண்டின் நடுவில் புதிதாக ஆள் சேர்ந்தால், மீதி நாட்களுக்கான பிரீமியம் அதிலிருந்து கழியும். ஆள் விலகினால் மீதித் தொகை அதில் வரவாகும். அந்தக் கணக்கு வறண்டால் புதுப் பெயர் ஏறாது. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு, பிரீமியம் கைக்கு வராமல் எந்த இழப்புக்கும் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது. நிறுவனம் மாறும் மாதத்தில் இது அபாயமான இடம். பழைய சி.டி. கணக்கில் இருந்த பணம் பழைய இடத்திலேயே கிடக்கும். அது திரும்பி வரட்டும், புதிய கணக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று அக்கவுன்ட்ஸ் பிரிவு காத்திருக்கும். ஏப்ரல் 10ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்த பையனின் பெயர் மென்பொருள் திரையில் பச்சை நிறத்தில் ‘சேர்க்கப்பட்டது’ என்று மின்னும். அனுப்பப்பட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். காப்பீட்டு நிறுவனம் பெயரைச் சேர்த்துவிட்டதாக எண்டார்ஸ்மென்ட் போட்டுத் தரும்வரை அவர் பாலிசிக்கு வெளியேதான் நிற்கிறார்.

முன்பு எல்லாமே காகிதத்தில் நடந்தபோது இதைவிட அதிகப் பெயர்கள் விடுபட்டன, மென்பொருள் வந்தபின் தினசரி தானாகவே விவரம் போகிறது என்று புரோக்கர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இந்த வட்டாரத்துக்குக் காப்பீடு புதிதல்ல. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதலில் தொடங்கியதே கோவையில்தான். 1955 ஜனவரியில், மில் தொழிலாளர்களின் ஊரில். இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். இருபதாயிரம் சம்பளத்துக்கு 150 ரூபாயும் 650 ரூபாயும். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வரிசையில் நிற்பது பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அங்கே காப்பீட்டு எண் ஆளோடு போகிறது; மில் மாறினாலும் அதே எண். சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் நடப்பு அரையாண்டின் சந்தாக் காலம் முடியும்வரை விலக்க மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நீளும். குழு பாலிசிக்கு அப்படி ஒரு வாலே கிடையாது. வேலையை விட்ட நாளோடு முடிந்தது. சூப்பர்வைசராக உயர்ந்து 21,500 வாங்கத் தொடங்கியவரை, சந்தாக் காலம் முடிந்ததும் மென்பொருள் ஈ.எஸ்.ஐ. பட்டியலிலிருந்து எடுத்துவிடும், குழு பாலிசியில் சேர்க்கும் வேலையை யாராவது நினைவு வைத்துச் செய்ய வேண்டும். நிறுவனம் மாறும் மார்ச் மாதத்தில் அந்த ‘யாராவது’ ரொம்பப் பிஸி.

அரசு ஊழியர்களின் கதை கொஞ்சம் மேல். மாநில அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008இல் மாதம் 25 ரூபாய் சந்தாவில் தொடங்கியது. 2012இல் 75, 2016இல் 180, 2021இல் 300 என்று உயர்ந்தது. காப்பீட்டுத் தொகையும் 2 லட்சத்திலிருந்து 5 லட்சமானது. 2012இல் காப்பீட்டு நிறுவனமே மாறியது. இன்று கோபிசெட்டிபாளையத்து அரசுப் பள்ளி ஆசிரியரின் சந்தா ‘களஞ்சியம்’ மென்பொருள் வழியே சம்பளத்தில் பிடிபடுகிறது. கவனிக்க வேண்டியது, ஒப்பந்தம் ஒவ்வொரு முறையும் நான்கு ஆண்டுகளுக்கு என்பதை. அடையாள எண் நிலைக்க அவகாசம் கிடைக்கிறது. தனியார் கம்பெனியில் ஆண்டுக்கு ஒரு முறை கூடாரம் மாறலாம்.

நிபந்தனைகளும் மாறும். முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்குக் காப்பு, காத்திருப்பில்லாத பிரசவச் செலவு, பெற்றோர் சிகிச்சையில் ஊழியர் கைப்பங்கு (கோ-பே) இல்லை என்பதெல்லாம் பழைய நிறுவனத்திடம் பேசி வாங்கியவை. புதிய கொட்டேஷனில் அவற்றை மறுபடி எழுதி வாங்காவிட்டால் இல்லை. அறை வாடகை உச்சவரம்பு 4,000 ரூபாயாகக் குறைந்தது தெரியாமல் 8,000 ரூபாய் அறையில் படுத்தால், டாக்டர் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்குவார்கள். மார்ச் 30 அன்று அட்மிட் ஆகி ஏப்ரல் 3இல் வீடு திரும்பியவரின் பில் வழக்கமாகப் பழைய நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். மென்பொருளில் பழைய பாலிசிப் பக்கம் மறைந்துவிட்டதே என்று புதிய இடத்தில் போட்டு, மறுக்கப்பட்டு, பழைய இடத்தில் போடக் கெடு தவறிப்போகும்.

முதலாளிகள் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆள்பட்டியலை அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் வைக்காமல், குடும்ப விவரம் என்பதால் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். புதிய சி.டி. கணக்கில் முதல் நாளே பணம் போடுங்கள். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த லட்சங்களோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதில்லை.

ஊழியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டை நம்பாமல் ஈ-கார்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், மனைவி பெயர், அப்பா அம்மா பிறந்த தேதி எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை பிறந்தாலும் திருமணம் ஆனாலும் மாதம் கடக்கும் முன் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலையை விடுவதாக இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதியில் இடமிருக்கிறது. கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். இந்த ஆண்டு உங்கள் கம்பெனி நிறுவனத்தை மாற்றியிருந்தால், நாளைக் காலையே எச்.ஆர். மேஜைக்குப் போய் விசாரித்துவிடுங்கள்.