வைக்கோல் கட்டும் இயந்திரமும் அதன் கோளாறுகளும்

மூணாறின் தேயிலை மலையில் நெல் கிடையாது, மாடு உண்டு. எஸ்டேட் லயங்களில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல, கொழுந்துக் கூலியோடு இரண்டொரு பசுவின் பாலையும் நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. மாட்டுப்பட்டியில் 1963-இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கி, சுனந்தினி என்னும் கலப்பினம் உருவானது பலரும் அறிந்ததே. அந்த மாட்டுக்கு வைக்கோல், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போடிமெட்டு வழியாகவும், பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோட்டுப் பக்கமிருந்து உடுமலை, மறையூர் வழியாகவும் லாரியேறி வருகிறது. அதை வாங்கி விற்பவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் கையால் கட்டிய கற்றையாக வரும். அறுவடை இயந்திரம் வந்தபின், டிராக்டர் இழுக்கும் பேலர் சுருட்டித் தரும் உருளைக் கட்டாக வருகிறது. நம் ஆட்கள் ‘ரோல்’ என்பார்கள். அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947-இல் சிறு உருளைக் கட்டு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆளுயரப் பெருங்கட்டு இயந்திரத்தை அயோவா மாநிலத்து வெர்மீர் 1971-இல் செய்து பார்த்தார். நம் வயல்களில் ஓடுவது பெரும்பாலும் சிறிய வகை. கட்டு ஒன்று 15 முதல் 25 கிலோ வரை இருக்கும், ஓர் ஆள் தூக்கலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. முன்னால் சுழலும் கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். அறைக்குள் இரும்பு உருளைகளோ, செயினில் கோத்த சட்டங்களோ சுற்றிச் சுற்றி அதைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டும். அறை நிறைந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். ஆனால் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். சணல் கயிறு ஓரத்திலிருந்து ஓரம்வரை சுற்றி, கத்தி அறுத்து, பின்கதவு திறந்து கட்டு விழும்.

பழைய இயந்திரம் கெட்டால் நம்மவர்கள் உடனே ஸ்பேனரை எடுக்கிறார்கள். நான் சொல்வது, முதலில் விழுந்த கட்டைப் பாருங்கள் என்பது. மலைமேல் கடையில் இருந்தபடியே, இது எந்த மாதிரி வண்டியில் கட்டியது என்று கட்டைத் தொட்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்துக் கேரட் மாதிரி இருந்தால், இயந்திரத்தில் கோளாறே இல்லை. வைக்கோல் வரியின் மேல் ஓட்டுநர் ஒரே ஓரமாகப் போயிருக்கிறார். சிறிது தூரம் இடம், சிறிது தூரம் வலம் என்று மாற்றி ஓட்டினால் சரியாகும். கட்டின் நடு மட்டும் தளர்ந்திருப்பது இவ்வகைக்கு இயல்பு. வெளிச்சுற்றும் தளர்ந்திருந்தால் பின்கதவின் கொக்கி தேய்ந்தோ, ஸ்பிரிங் சோர்ந்தோ, ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தோ கதவு முழுதாக மூடவில்லை என்று பொருள்.

கயிறு சுற்றாமலே கட்டு விழுகிறதா? கயிற்று நுனி குட்டையாக இருக்கலாம். உருண்டையில் முடிச்சு இருக்கலாம். கத்தி மழுங்கி, போன தடவை பிய்த்து அறுத்திருக்கலாம். கொல்லங்கோட்டில் ஒரு டிரைவர் தம்பி சொன்னார்: “மொதலாளி, கயிறு உள்ள போறப்ப கொஞ்சம் வைக்கோலும் கூடப் போகணும், அப்பத்தான் இழுத்துக்கும்.” உண்மைதான். அறை நிறைந்ததும் சட்டென்று நிறுத்தாமல் ஓரடி முன்னே விட்டால் கயிறு சிக்கிக்கொள்ளும்.

‘வை’ என்ற உரிச்சொல்லுக்குக் கூர்மை என்று தொல்காப்பியம் பொருள் தருகிறது. வைக்கோல் என்பதிலுள்ள வைக்கும் இதற்கும் உறவுண்டா என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி, அது அரம்போல் இரும்பையும் தின்னும். ஆகவே பழைய வண்டியில் கம்பிப் பற்களையும் செயினையும் பேரிங்கையும் ஒவ்வொரு பருவமும் பார்த்தே ஆகவேண்டும். தண்டில் சுற்றிய வைக்கோல் பேரிங்கைச் சூடாக்கி, வண்டியே தீப்பிடிக்கக்கூடும்.

ஷியர் போல்ட் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அது அறுந்து போவதற்கென்றே வைத்த மெல்லிய போல்ட். பாரம் மிஞ்சினால் தான் அறுந்து கியர்பாக்ஸைக் காக்கும். திரும்பத் திரும்ப அறுகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர் பல். ஈர வைக்கோல் அடைப்பதாலோ, பி.டி.ஓ. 540 சுற்றுக்குக் கீழே இறங்குவதாலோ, உருளையில் நார் சுற்றியதாலோதான் அது அறுகிறது. காரணத்தைப் பிடித்தால் போல்ட் நிற்கும்.

அடைப்பு எடுக்கும்போது எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்ட பிறகே கை வைக்கலாம். அந்தப் பற்கள் இழுக்கும் வேகத்துக்குக் கையைத் திரும்ப எடுக்க நேரம் இருக்காது. திறந்த பின்கதவின் கீழே குனிவதானால் பூட்டு போட்ட பிறகே குனியலாம்.

ஈரந்தான் பெரிய எதிரி. பாலக்காட்டில் முதற்போக அறுவடை மழையோடு வருகிறது. நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் கட்டக்கூடாது. பனி உலராத காலையிலும் கூடாது. தளர்ந்த கட்டு மலைச்சாலை மழையைக் குடிக்கும். ஈரத்தோடு இறுக்கிய கட்டு உள்ளே வெந்து பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வைக்கோலால் வரும் டெக்னாலா நோயில் எருமையின் காது, வால் நுனி அழுகும். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு பாலிலும் இறங்கும். ஒரு பசுவை நம்பிய வீட்டுக்கு இது சின்ன நஷ்டமல்ல.

கட்டு வந்ததும் நடுவில் கை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றே பிரித்து உலர்த்துங்கள். கரும்பூஞ்சை கண்டதை மாட்டுக்குப் போடாதீர்கள். பலகைமேல் அடுக்கி, தார்ப்பாயைக் காற்றோட்டம் விட்டுப் போர்த்துங்கள். பிரிக்கும்போது கயிற்றை முழுதாக உருவி எடுத்துவிட வேண்டும். சணலானாலும் நைலானானாலும் தொழுவத்தில் துண்டு கிடக்கக்கூடாது. நைலான் துண்டு மாட்டின் இரைப்பையில் செரிக்காமல் அப்படியே தங்கிவிடும்.