ஓடாத பாதைக்கே துரு

பண்டாரவளை வழியாகப் பதுளைக்கு 1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. வண்டி ஓடுங்காலத்தில் தண்டவாளத்தின் மேற்புறம் மின்னும். சக்கரங்கள் உருண்டு தேய்ப்பதே காரணம். ஓடாமற் கிடந்தாலோ துரு ஏறிவிடும்.

நம் வீட்டுப் பொம்மை ரயிலுக்கும் இதுவே விதி. 1920இல் இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி வெளியிட்ட ரயில்களைப் போன்ற பழைய பொம்மைகளின் பாதை, வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடாகும். பூச்சிற் கீறல் விழுந்தால் ஈரம் இரும்பை அரிக்கும். பூனாகலை போன்ற மலைத்தோட்டங்களில் மூடுபனி வீட்டினுள்ளும் நுழைவதால், நாம் இருமடங்கு கருத்தாயிருத்தல் வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் துண்டுகளை வளைக்காமல் நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். இணைப்பூசி கோணினால் மறுமுறை பாதை பொருந்தாது. பின்னர் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவுவோம். மின்சார ரயிலின் பாதைக்கு எண்ணெய் ஆகாது. அழுக்குச் சேர்ந்து மின்னோட்டம் தடைப்படும். உப்புத்தாளாலும் தேய்க்கலாகாது, கீறல்களில் அழுக்குத் தங்கும்.

வளைந்தவற்றையும் நேரானவற்றையும் தனித்தனியே காகிதத்திற் சுற்றிப் பெட்டியிற் படுக்க வைத்து, ஈரச் சுவரையும் தரையையும் தீண்டாத அலமாரித் தட்டில் ஏற்றுவோம். மழைக்காலத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பதும் நன்று.

அண்ணன் ஓட்டிய ரயில் தம்பிக்கும் தங்கைக்கும் ஓட வேண்டுமன்றோ?