மைனஸ் 17 டிகிரியில் ஆயிரம் சைக்கிள்கள்! தெரியுமா?

வெளியே மைனஸ் 17 டிகிரி குளிர். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனி. இப்படி ஒரு காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எதில் வருவார்கள்? சைக்கிளில்! பின்லாந்தின் ஔலு நகரில் மெட்சோகாங்காஸ் என்ற பள்ளியில் ஏறத்தாழ 1,200 பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்படியொரு நாளில் அவர்களில் சுமார் 1,000 பேர் சைக்கிள் மிதித்தே வந்து சேர்ந்தார்கள். வாசலில் வரிசை வரிசையாகப் பனியில் நின்ற அந்தச் சைக்கிள்களின் படம் உலகத்தையே சுற்றி வந்தது.

ஔலு எங்கே இருக்கிறது தெரியுமா? ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்! டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சம் மூன்றரை மணி நேரம்தான். அங்கிருந்துதான் 2013-இல் உலகக் குளிர்காலச் சைக்கிள் மாநாடு தொடங்கியது. பிறகு வின்னிபெக், மினியாபொலிஸ், மான்ட்ரியால், மாஸ்கோ, கால்கரி என்று பனி கொட்டும் ஊர்களாகப் பார்த்துப் பார்த்துப் போனது.

அந்த ஊர்க்காரர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்டால், விடை ஆச்சரியமானது. சைக்கிள் மிதிப்பவருக்குக் குளிர் இரண்டாம் பட்சம். அவரை முதலில் வீழ்த்துவது அவருடைய வியர்வைதான்!

எப்படி என்று பாருங்கள். நாம் மிதிக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான், சில சமயம் அதற்கும் குறைவாகத்தான், சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மீதி அத்தனையும் வெப்பம்! சாதாரண வேகத்தில் பெடலுக்கு 100 வாட் கொடுக்கும் ஒருவர், உடம்புக்குள் 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே போகிறார். அவருக்கு இரண்டு ஸ்வெட்டரும் தடித்த ஜாக்கெட்டும் மாட்டிவிட்டால் பத்தே நிமிடத்தில் உள்ளே நனைந்துவிடுவார். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சிக்னலில் ஒரு நிமிடம் நின்றால் போதும், நனைந்த துணி உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சத் தொடங்கிவிடும்.

அதனால் அனுபவசாலிகள் சொல்லும் முதல் விதியே நமக்குத் தலைகீழாகத் தோன்றும்: வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும்! முதல் பத்து நிமிடம் லேசாக நடுங்கினால் உடுப்பு சரி. வாசலிலேயே இதமாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகம் என்று அர்த்தம்.

அந்த அடுக்குகளில் தோலை ஒட்டி எது இருக்க வேண்டும்? நமக்குப் பிரியமான பருத்தி இங்கே ஆகவே ஆகாது. அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயாமல் அடம்பிடிக்கும். கம்பளியின் கதை வேறு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. இன்னொரு விந்தை தெரியுமா? ஈரத்தை உறிஞ்சும்போதே கம்பளி கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடுகிறது! நைலான், பாலியஸ்டர் என்று எத்தனையோ வந்த பிறகும் மெரினோ ஆட்டின் ரோமத்துக்கு மவுசு குறையவில்லையென்றால் சும்மாவா?

அடுத்த எதிரி காற்று. காற்றே வீசாத நாளிலும் சைக்கிள்காரருக்கு எதிர்க்காற்று உண்டு. அதை அவரே உண்டாக்கிக்கொள்கிறார். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் பட்டால், தோலுக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும். இந்தக் கணக்கு பிறந்த இடம் அண்டார்டிகா! 1940-களின் தொடக்கத்தில் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இருவர், ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். 2001-இல் அந்தச் சூத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள். அதற்காகத் தன்னார்வலர்கள் முகத்தில் உணர்கருவிகளை ஒட்டிக்கொண்டு கனடாவில் ஒரு குளிர்காற்றுச் சுரங்கத்துக்குள் நடந்தார்கள். இன்று வானிலை அறிக்கையில் உணரும் குளிர் என்று ஒரு எண் வருகிறதே, அதற்குப் பின்னால் இத்தனை பேரின் உறைந்த கன்னங்கள் இருக்கின்றன!

காற்றைத் தடுக்க விலையுயர்ந்த ஜாக்கெட்தான் வேண்டும் என்பதில்லை. பழைய காலத்து டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஆல்ப்ஸ் மலை உச்சியில் சாலையோரம் நிற்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவார்கள். காகிதம் காற்றை விடாது! நல்ல குளிர்கால உடுப்புகளிலும் இதே சூத்திரம்தான்: முன்பக்கம் காற்றுப் புகாத துணி, முதுகுப்பக்கம் வியர்வை வெளியேறும் மெல்லிய துணி.

கை விரல்தான் எல்லோரும் கடைசிவரை போராடும் இடம். குளிர் கூடினால் உடல் முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்றிக்கொள்ளும். நல்ல காரியம்தான், ஆனால் பிரேக் பிடிக்க விரல் வேண்டுமே! ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் கையுறை அதிகச் சூடு தரும். காற்றில் படும் பரப்பு குறைவல்லவா? இரண்டுக்கும் நடுவில், விரல்களை இரண்டு இரண்டாகப் பிரித்து நண்டின் கொடுக்குபோல் தைத்த கையுறையும் உண்டு. பிரேக்கும் பிடிக்கலாம், விரலும் துணைக்குத் துணை இருக்கும். இதையெல்லாம் தாண்டிய ஒன்று, ஹேண்டில்பாரிலேயே நிரந்தரமாக மாட்டிவைக்கும் பெரிய உறை. மெல்லிய கையுறையோடு கையை அதற்குள் நுழைத்துக்கொண்டால் போதும். குளிர்ந்த ஆறுகளில் துடுப்புப் போடும் கயாக் படகுக்காரர்கள் பயன்படுத்தியது அது. அங்கிருந்து சைக்கிளுக்கு வந்தது!

தலை வழியாகத்தான் உடல் வெப்பத்தில் பாதி போய்விடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மையில்லை. பெரியவர்களுக்கு உடல் பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவில்தான் போகும். அதனால் ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய தொப்பி ஒன்று போதும். காதை மட்டும் மறக்காமல் மூட வேண்டும்.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். ஐஸ்மேல் சைக்கிள் ஓடுமா? ஓடும், டயரில் ஆணி இருந்தால்! பஞ்சர் ஆக்கும் ஆணி இல்லை. ரப்பரில் பதித்த குட்டிக் குட்டி உலோக முனைகள். நல்ல டயர்களில் அவை டங்ஸ்டன் கார்பைடால் ஆனவை, தார்ச்சாலையில் ஓடினாலும் சீக்கிரம் தேயாதவை. ஒரே டயரில் 240 ஆணி வைத்த மாதிரிகள்கூட உண்டு. புது டயரை முதல் 40 கிலோமீட்டர்வரை நிதானமாக ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்கார்ந்துகொள்ளும்.

இந்த டயர்களில் பேர்போன ஒன்றின் பூர்வீகம் தெரிந்தால் அசந்துபோவீர்கள். நம் கையில் இருந்ததே நோக்கியா செல்போன், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தார்களே, அதே நோக்கியாதான்! பின்லாந்தில் ஒரு ரப்பர் ஆலை 1925-இல் சைக்கிள் டயர் செய்யத் தொடங்கியது. 1934-இல் பனிக்காலத்துக்கென்றே டயர் செய்தது. 1967-இல் அந்த ஆலையும் ஒரு காகித ஆலையும் ஒரு கேபிள் ஆலையும் சேர்ந்து நோக்கியா கார்ப்பரேஷன் ஆயின. கேபிளிலிருந்து வளர்ந்த கிளை செல்போனுக்குப் போனது. டயர்ப் பிரிவு 1988-இல் தனிக்குடித்தனம் போய் நோக்கியன் டயர்ஸ் ஆனது.

சைக்கிளுக்கு மிக ஆபத்தான நாள் எது என்று நினைக்கிறீர்கள்? மைனஸ் 15-ஆ? கிடையாது! கடுங்குளிரில் பனி உலர்ந்து, சக்கரத்தின் கீழ் கிறீச்சிட்டு, நன்றாகப் பிடி கொடுக்கும். பூஜ்யத்தை ஒட்டி, பகலில் உருகி இரவில் மறுபடி உறைகிற நாள்தான் வழுக்கிவிடும். ஔலுவின் முக்கியப் பாதைகளில் பனியை உருக்க உப்பைக் கொட்டுவதைவிட, அதை வழித்து, மிச்சத்தை இறுக்கிக் கெட்டியாக்கி, மேலே பொடிக்கல் தூவுவதையே விரும்புகிறார்கள். பாதி கரைந்த உப்புப் பனியில் சக்கரம் புதையும். உப்புநீர் செயினையும் அரிக்கும். போதாக்குறைக்கு, மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு மந்தமாகிவிடும்.

இயந்திரத்துக்கும் குளிர் உண்டு. அறைக்குள் 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ காற்றடித்து, மைனஸ் 10-இல் வெளியே கொண்டுபோனால் அழுத்தம் ஏழெட்டு பிஎஸ்ஐ தானாகவே குறைந்திருக்கும். பஞ்சர் என்று பயந்துவிட வேண்டாம்! ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் கெட்டியாகிவிட்டால் பெடல் மட்டும் சுற்றும், சைக்கிள் நகராது. கதகதப்பான வீட்டிலிருந்து எடுத்துக் கொட்டும் பனியில் இறக்கினால், கியரில் விழுந்த பனி உருகி, பிறகு அங்கேயே உறைந்து பூட்டிக்கொள்ளும். ஆகவே சைக்கிளைக் குளிரிலேயே நிறுத்துவதுதான் அதற்கு நல்லது! மின்சார சைக்கிள் என்றால், பேட்டரியை மட்டும் கட்டாயம் வீட்டுக்குள் எடுத்துவர வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். இத்தனை தொல்லையும் வேண்டாம் என்றுதான் பல பின்லாந்துக்காரர்கள் ஒரே கியர், பின்னோக்கி மிதித்தால் பிரேக் என்ற எளிய சைக்கிளோடு குளிர்காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

இந்த வசதி எதுவும் இல்லாத காலத்திலேயே பனியில் சைக்கிள் ஓட்டியவர்கள் உண்டு, தெரியுமா? 1900-இல், தங்கம் கிடைத்த நோம் நகரை நோக்கி, கனடாவின் டாசனிலிருந்து எட் ஜெஸ்ஸன் என்பவர் சைக்கிளில் கிளம்பினார். யூகான் ஆறு உறைந்து கிடந்தது. நாய்வண்டிகள் போன தடத்திலேயே சுமார் 1,600 கிலோமீட்டர் மிதித்தார். வழியில் டயர் விறைத்தது, எண்ணெய் உறைந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு அதே வழியில் போன மேக்ஸ் ஹிர்ஷ்பர்க்குக்கு நோமை நெருங்கும்போது செயின் அறுந்துவிட்டது. அவர் என்ன செய்தார்? தன் கோட்டைக் குச்சியில் விரித்துப் பாய்மரமாக்கி, காற்றின் தள்ளலில் ஊர் சேர்ந்தார்! நம் காலத்திலோ, 2013 டிசம்பரில் மரியா லெய்ஜர்ஸ்டாம் என்பவர் மூன்று சக்கரச் சைக்கிளில் தென் துருவத்தையே தொட்டுவிட்டார்.

ஆனால் பள்ளிப் பிள்ளைகள் சாகசக்காரர்கள் இல்லை. அவர்களை நம்பிக்கையோடு வெளியே அனுப்புவது ஊரின் ஏற்பாடு. ஔலுவில் 900 கிலோமீட்டருக்கும் மேல் நடை, சைக்கிள் பாதை இருக்கிறது. கார்ச்சாலையைக் குறுக்கே கடக்காமல் கீழே புகுந்து போக 300-க்கும் மேல் சுரங்க வழிகள். முக்கியப் பாதைகளில் மக்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே பனி வழிக்கும் வண்டி வந்து போய்விடும். சாலைக் கோடுகளைப் பனி மூடிவிடுமே என்று, சைக்கிள் படத்தை விளக்கொளியாகப் பனிமேலேயே பாய்ச்சுகிறார்கள்! கோபன்ஹேகனிலும் பனி அகற்றுவதில் முக்கியச் சைக்கிள் பாதைகளுக்கே முன்னுரிமை. ஸ்வீடனின் கார்ல்ஸ்கோகா நகரம், காரில் போகிறவர்களைவிட நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான் பனியில் அதிகம் விழுகிறார்கள் என்று உணர்ந்து, பனி அகற்றும் வரிசையையே மாற்றி அவர்கள் பாதையை முதலில் சுத்தம் செய்தது. என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லா உடுப்பையும் டயரையும்விட அதிக வேலை செய்வது இந்த ஒரு முடிவுதான்.

நம் பிள்ளைகள் இன்று படிக்கவும் வேலைக்கும் ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், டொராண்டோ என்று போகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால், தடித்த ஜாக்கெட்டை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓயாதீர்கள். கம்பளி உள்ளாடை இரண்டு எடுத்துப் போகட்டும். முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். ஆணி டயர் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறதென்றால், அதை முன் சக்கரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.